மக்கு என்று பெயரெடுத்த பிள்ளை

இலங்கையின் எந்தப் பாடசாலையிலும் வரவு இடாப்பைப் பொறுமையாகப் புரட்டினால் ஒரு பிள்ளை கண்ணில் படும். திங்கட்கிழமைகளில் வராது. வந்தாலும் கடைசி வாங்கில் தூங்கி வழியும். கொப்பியில் பாதிக் கணக்கோடு பேனை நின்றிருக்கும். தவணைப் பரீட்சைக்குள் ‘மக்கு’ என்று பெயர் விழுந்துவிடும். சனி, ஞாயிறில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பாரில்லை.

அடியும் வசவும் ஓயாத வீட்டில் பிள்ளையின் மூளை எந்நேரமும் காவலிருக்கிறது. கதவு திறக்கும் சத்தத்தை வைத்தே அப்பா குடித்திருக்கிறாரா என்று கணிக்கத் தெரிந்த பிள்ளை அது. அந்தக் கூர்மைக்குப் புள்ளி போட எந்தப் பரீட்சையும் இல்லை. ஓயாத பயத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல், நினைவாற்றலையும் நிதானத்தையும் ஆளும் மூளைப் பகுதிகளைப் பாதிக்கிறது. பின்னக் கணக்கு எங்கே ஏறும்?

கைநீட்டாமல், கவனிக்காமல் விட்டும் பிள்ளையைக் கெடுக்கலாம். ருமேனியாவின் அநாதை விடுதிகளில் கொஞ்சுவாரின்றி வளர்ந்த 136 குழந்தைகளை 2000களின் தொடக்கத்திலிருந்து ஓர் ஆய்வுக்குழு கவனித்து வந்தது. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள், விடுதியிலேயே இருந்தவர்களை அறிவுத்திறனில் முந்தினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கே பலன் அதிகம்.

வீட்டில் அடிவாங்கி வரும் பிள்ளைக்குப் பாடசாலை கொடுக்கும் மருந்தும் பல நேரம் அடிதான். உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றுநிருபம் அனுப்பியது. அப்படியிருந்தும் 2017இல் தென்னிலங்கையில் ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்டது. அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பெப்ரவரியில் வந்த தீர்ப்பு, ஆசிரியர் 5 லட்சம் ரூபாயும் அரசு 1.5 லட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டும் என்றது. ‘அடியாத மாடு படியாது’ என்று இன்னும் சொல்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாசிக்கலாம்.

பிள்ளைகள் துன்புறுத்தப்படுவதை அறிவிக்க, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருபத்துநான்கு மணிநேரமும் இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கு வீட்டில் கொடுமை நடக்கிறதோ என்று சந்தேகம் வந்த ஆசிரியர் துப்பறிய வேண்டியதில்லை, விசாரிப்பதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள்.