டி.சி.எஸ். பங்கு தாக்குப்பிடிக்குமா?

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் பங்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் என்னிடம் இப்போது அதிகம் வரும் கேள்வி, "அண்ணே, டி.சி.எஸ்ஸை வித்துடலாமா?"

2004-ல் 850 ரூபாய்க்கு வெளியான பங்கு. 2006, 2009, 2018 என மூன்று முறை ஒன்றுக்கு ஒன்று போனஸ். அன்றைய 10 பங்கு இன்று 80.

செயற்கை நுண்ணறிவு தரும் சோதனை கடுமையானது. ஆள்கணக்கில், மணிக்கணக்கில் பில் போடும் ஐ.டி. தொழில் டி.சி.எஸ்ஸுடையது. நாலு பேர் வேலையைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு இரண்டு பேர் முடித்தால், கட்டணத்தைக் குறை என்பார் அமெரிக்க வாடிக்கையாளர். 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக நிறுவனமே அறிவித்தது. அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளை நினைத்து மனசு பதறியது.

ஆனாலும் நிறுவனத்துக்குக் கடன் சுமை கிடையாது, டிவிடெண்ட் தவறாது. கவிழாது என்றே நம்புகிறேன். ஆனால் பழைய வேகம் வராது. அடுத்த வருஷம் மகள் கல்யாணம் வைத்திருக்கும் அறந்தாங்கி அக்காவிடம், பாதியை விற்று வங்கியில் போடச் சொன்னேன்.