யாருடைய இன்சூரன்ஸில் போகிறீர்கள்?

2019 செப்டம்பரில் சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், கார் விற்பனை சரிந்ததற்கு பி.எஸ்.6 மாசு விதிகளோடு இன்னொரு காரணத்தையும் சொன்னார். இளைய தலைமுறை மாதத் தவணையில் மாட்டிக்கொள்ள விரும்பாமல் ஓலா, ஊபர், மெட்ரோ என்று போகிறது என்றார். சமூக ஊடகங்களில் அவரை வறுத்தெடுத்தார்கள். விற்பனைச் சரிவுக்கு அந்த விளக்கம் போதாதுதான். ஆனால் சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயதுக்காரரைக் கேட்டால், பாதி உண்மை என்பார். டியூ கட்ட வேண்டாம், சர்வீஸுக்கு விட வேண்டாம், நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். செயலியைத் திறந்தால் வண்டி வாசலுக்கு வருகிறது.

கார் வாங்காதவருக்கு ஆர்.சி., பர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் என்று எதையும் புதுப்பிக்கும் தொல்லை இல்லை. அதற்காக அந்தக் காகிதங்கள் தேவையில்லாமல் போய்விடவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் அவை இருக்கின்றன, அல்லது இருக்க வேண்டும். விபத்து நடந்தால் உங்கள் இழப்பீடு அவற்றை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே வண்டி வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. மின்சார வண்டியானால் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தும், பச்சையில் வெள்ளை எழுத்தும் சொந்த உபயோகத்துக்கானவை. ஓட்டுநர்கள் 'ஓன் போர்டு' என்பது இவற்றைத்தான். மஞ்சள் போர்டு வண்டிக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் பயணிகளையும் கணக்கில் கொண்டது. அதுவும் அனுமதித்த இருக்கைகளுக்குத்தான். ஆட்டோவில் ஐந்து பேராக நெருக்கிக்கொண்டு போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

சிக்கல் பைக் டாக்ஸியில்தான் அதிகம். சென்னையின் ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் புகுந்து வரும் பைக்குகளில் பல வெள்ளை போர்டு. சொந்த உபயோக பாலிசியில், கட்டணத்துக்கு ஆள் ஏற்றினால் பாதுகாப்பு கிடையாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அந்த பாலிசியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அடங்க மாட்டார் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிரே வந்த வண்டி மேல் தவறு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸைக் கேட்கலாம். ஓட்டிவந்த பையன் தானே சறுக்கி விழுந்தால்? சட்டப்படி அவரும் வண்டி உரிமையாளரும் பொறுப்பு. படிப்புச் செலவுக்காக வண்டி ஓட்டுகிறவரிடம் பத்து லட்சம் ரூபாய் தீர்ப்பு வாங்கி என்ன செய்வது?

இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு 2025 ஜூலையில் செயலி வழி வாடகை வண்டிகளுக்குப் புதிய வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மாநில அரசு அனுமதித்தால் வெள்ளை போர்டு பைக்கும் பயணிகளை ஏற்றலாம். பயணிக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் காப்பீட்டைச் செயலி நிறுவனமே உறுதி செய்ய வேண்டும் என்கின்றன அவை. மாநிலம் ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் இதற்கு முழு வலு. அதுவரை நாம் செய்யக்கூடியது, செயலிக்குள் இன்சூரன்ஸ் பக்கம் இருக்கிறதா, எந்த நிறுவனத்தின் பாலிசி, விபத்தை எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒருமுறை படித்து வைப்பது. மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் எதுவரை செல்லும் என்று தெரிந்துவிடும்.

"சார், ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, அதே காச கைல குடுங்க, போயிடலாம்." இந்த வேண்டுகோளைக் கேட்காத பயணி இருக்க முடியாது. நிறுவனம் பிடிக்கும் கமிஷனை நினைத்தால் ஓட்டுநரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவனம் தரும் காப்பீடு அந்தப் பயணத்தின் பதிவோடு கட்டப்பட்டது. ரத்து செய்த நொடியில் பதிவு போய்விடுகிறது. அதன் பிறகு நீங்கள் எந்த வண்டியில், யாரோடு, எங்கே போனீர்கள் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்தான் சாட்சி.

விபத்து நடந்துவிட்டால் பயணத் திரையையும் நம்பர் பிளேட்டையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். நகல், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இழப்பீட்டுக்கு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரில் போடலாம். மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 2022 ஏப்ரல் முதல் அதற்கு ஆறு மாதம்தான் கெடு. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது என்றாலும் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

பெண்களின் பாதுகாப்பு தனிக் கட்டுரைக்கு உரியது. 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் ஓட்டுநர் ஒருவர் பயணியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கு, ஓட்டுநர்களின் பின்னணியை யார் சரிபார்ப்பது என்ற கேள்வியை எழுப்பியது. நிறுவனத்தின் பொறுப்பு எதுவரை என்பது இன்னும் முடியாத விவாதம். ஓலா ஓட்டுநர் மீதான பாலியல் தொல்லைப் புகாரை நிறுவனத்தின் உள் புகார்க் குழு விசாரிக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். சில நாளிலேயே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. ஆகவே நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திராமல் காவல்துறைக்கு நேராகப் போங்கள். அவசரத்துக்கு 112, தமிழ்நாட்டில் 'காவல் உதவி' செயலியும் உண்டு. திரையில் காட்டிய எண்ணும் வந்து நிற்கும் வண்டியின் எண்ணும் வேறாக இருந்தால் ஏறவே வேண்டாம்.

கட்டணத்துக்கு வருவோம். நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை வாங்கலாம் என்றிருந்த 2020-ஆம் ஆண்டு நெறிமுறையின் உச்சவரம்பை 2025 நெறிமுறை இரண்டு மடங்காக்கிவிட்டது. பயணிக்குப் பாதகமான மாற்றம் இது. தக்க காரணமின்றி ரத்து செய்தால் கட்டணத்தில் பத்து சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். இது ஓட்டுநருக்கும் பொருந்தும். பணத்தைத் திருப்பித் தரும்போது கூப்பனாகத்தான் தருவேன் என்று நிறுவனம் அடம்பிடிக்க முடியாது. வங்கிக் கணக்கா, கூப்பனா என்று பயணியே தேர்ந்தெடுக்க வழி செய்யும்படியும், ஆட்டோ பயணங்களுக்கும் ரசீது தரும்படியும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு உத்தரவிட்டது.

"நாங்கள் வெறும் இடைத்தரகர், ஓட்டுநர் எங்கள் ஊழியர் இல்லை" என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். அது எல்லா இடத்திலும் எடுபடுவதில்லை. 2018 ஜூனில் டோம்பிவிலியிலிருந்து மும்பை விமான நிலையத்துக்கு ஊபரில் கிளம்பிய பெண் வழக்கறிஞர் ஒருவர் சென்னை விமானத்தைத் தவறவிட்டார். ஓட்டுநர் தாமதமாக வந்தார், வழியில் எரிவாயு நிரப்ப நின்றார், சுற்றிப் போனார். போதாக்குறைக்கு முதலில் காட்டியதைவிடக் கூடுதல் கட்டணம். தானே மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-ல் நிறுவனத்தையே பொறுப்பாக்கி, மன உளைச்சலுக்கு 10,000, வழக்குச் செலவுக்கு 10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. கட்டணம் நிறுவனத்தின் வழியாகப் போகாமல் நேராக ஓட்டுநர் கைக்குப் போகும் சந்தா முறைச் செயலிகளில் இப்படி நிறுவனத்தைப் பிடிப்பது கடினமாகலாம் என்பது என் எண்ணம்.

புகாரை முதலில் செயலியிலேயே எழுத்தில் கொடுங்கள். பயண எண்ணும் முதலில் காட்டிய கட்டணத்தின் படமும் கூட இருக்கட்டும். மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்றலாம்.