குரோஷா ஊசியில் ஒரு கணக்கு

கணக்கு என்றாலே பேப்பரும் பேனாவும்தான் என்று நினைக்கிறோம். கம்பளி நூலிலும் கணக்கு பின்னலாம், தெரியுமா?

ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் போகும் என்பது நாம் படித்த யூக்ளிட் வடிவியல். 19-ஆம் நூற்றாண்டில் போல்யாய், லோபசெவ்ஸ்கி இருவரும் 'பல கோடுகள் போகலாம்' என்று வைத்துக்கொண்டு வேறொரு வடிவியலைக் கண்டார்கள். அதன் பெயர் அதிபரவளைய வடிவியல். அந்தத் தளத்தைப் பேப்பரில் ஒட்டிச் செய்தால் சீக்கிரம் கிழிந்துவிடும். லாட்வியா நாட்டுக்காரரான டைனா டைமினா, 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார்!

செய்முறை ரொம்ப சுலபம். முதலில் 20 சங்கிலிக் கண்ணி. பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 5 கண்ணிக்கு ஒரு கண்ணி கூடுதல். பத்தாவது வரிசையில் 100-ஐத் தாண்டிவிடும். தட்டையான வட்டத்தில் கண்ணிகள் கூட்டுத் தொடராகக் கூடும். இங்கே பெருக்குத் தொடர். இடம் போதாமல் ஓரமெல்லாம் கோழிக்கொண்டைப் பூ மாதிரி சுருண்டு நிற்கும். துணியை மடித்து, மடிப்பின் மேல் கலர் நூல் ஓட்டினால் அதுதான் நேர்கோடு. ஒரே புள்ளி வழியாக மூன்று கோடுகள் ஓட்டி, மூன்றுமே தள்ளியுள்ள இன்னொரு கோட்டைத் தொடாமல் போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பவளப்பாறைகளுக்கும் இதே சுருள்தான். கடல் சூடேறி அவை வெளுத்துச் சாவதை உலகுக்குக் காட்ட, மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005-இல் நூலிலேயே பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள். பல நாட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கைகோத்தார்கள்.

'அதெல்லாம் பொம்பளைங்க வேலை' என்று சொல்லாமல், வீட்டில் ஊசி இருந்தால் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் லீவு போதும்!