துருவுக்கு வந்த பூச்சு, தேய்மானத்துக்கு நின்றது

இங்கிலாந்தின் பர்மிங்காமில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் என்பவர் 1906-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். நீர் கலந்த பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்புத் தூளைப் போட்டுக் கொதிக்க வைத்து, அதில் இரும்புச் சாமான்களை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூழ்கடித்து வைப்பது அவருடைய முறை. வெளியே எடுத்தால் பளபளப்பெல்லாம் போய், கறுத்த சாம்பல் நிறத்தில் ஒரு தோல் பிடித்திருக்கும். காஸ்லெட்டுக்கு இருந்த கவலை துருவைப் பற்றியது. 1915-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இந்த முறையை வைத்துத் தொழில் தொடங்கிய கிளார்க் பார்க்கரும் தன் கம்பெனியின் பெயரிலேயே துருத் தடுப்பைச் சேர்த்துக்கொண்டார்.

இன்று அந்தச் சாம்பல் தோல் இருக்கும் இடங்களைப் பாருங்கள். எஞ்சினின் கேம்ஷாஃப்ட், பிஸ்டன் ரிங், கியர். எல்லாமே எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும் பாகங்கள். துரு எட்டிப் பார்க்க வழியில்லாத இடத்தில் துருத் தடுப்புப் பூச்சுக்கு என்ன வேலை?

முதலில் ஒன்று. இது பெயிண்ட் போல மேலே பூசுகிற பொருள் அல்ல, இரும்பே கொஞ்சம் கரைந்து கொடுத்து வளர்கிற படலம். துத்தநாகமோ மாங்கனீஸோ கலந்த பாஸ்பேட் தொட்டியில் எஃகை இறக்கியதும் அமிலம் அதை அரிக்கத் தொடங்கும். ஹைட்ரஜன் குமிழி குமிழியாகக் கிளம்பும். எஃகை ஒட்டிய இடத்தில் அமிலத்தன்மை குறைந்ததும், அதுவரை கரைந்திருந்த பாஸ்பேட் அங்கேயே படிகமாக உட்கார்ந்துவிடும். மாங்கனீஸ் தொட்டியில் குமிழி அடங்கியதே வேலை முடிந்ததற்கு அடையாளம்.

அந்தப் படலத்தை நகத்தால் கீறினால் வெளிறிய கோடு விழும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பளபளப்பான எஃகில் நிற்பதுபோல் திரண்டு நிற்காது, பரவி உள்ளே இறங்கிவிடும். காரணம், படிகங்களுக்கு நடுவே எங்கும் நுண்துளைகள். துருவைத் தடுக்க வந்த பொருளுக்கு இது பெரிய குறை. எண்ணெயோ பெயிண்டோ இல்லாமல் வெறும் பாஸ்பேட்டை ஈரத்தில் விட்டால் துரு வரத்தான் செய்யும். அந்தக் குறைதான் உராய்வு விஷயத்தில் குணமாக மாறியது. எண்ணெய் பழகிய தோசைக்கல் மாதிரி, இது எண்ணெயைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பேட் வழுக்கும் பொருள் என்று பலர் நினைப்பது தவறு. உலர்ந்த நிலையில் அது சொரசொரப்புதான். வழுக்குவது எண்ணெய், பாஸ்பேட்டின் வேலை அதை ஓடவிடாமல் நிறுத்தி வைப்பது.

இதை நன்றாகப் பயன்படுத்திக் காட்டியவர் ஃபிரிட்ஸ் சிங்கர். 1934-இல் அவர் பாஸ்பேட் பூச்சை எஃகுக் குழாய் இழுக்கும் வேலைக்குக் கொண்டுவந்தார். குழாயையோ கம்பியையோ குளிர்ந்த நிலையிலேயே டை எனும் அச்சுத் துளைக்குள் இழுக்கும்போது அழுத்தம் சொல்லி மாளாது. சாதாரண எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும். எஃகும் டையும் நேருக்கு நேர் உரசி, புள்ளி புள்ளியாக ஒட்டிப் பிடித்து, கிழிந்து, கம்பியும் கெடும், டையும் கெடும். பாஸ்பேட் போட்ட எஃகைச் சூடான சோப்புக் கரைசலில் முக்கினால் கதை வேறு. துத்தநாகப் பாஸ்பேட்டின் மேல்பகுதி சோப்போடு வினைபுரிந்து துத்தநாக ஸ்டியரேட்டாக மாறும். கீழே எஃகில் வேர்விட்ட படிகம், நடுவே அதோடு பிணைந்த உலோகச் சோப்பு, மேலே மிச்சச் சோப்பு. எஃகு நீளும்போது இந்த அடுக்கும் நசுங்கி, நொறுங்கி, கூடவே நீண்டு போகும். டையிடம் எஃகை நேராகக் காட்டிக்கொடுக்காது. என் கணக்கில், இந்தப் பூச்சின் நூறாண்டு வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுதான். இரண்டாம் உலகப் போர்க்காலப் பித்தளைத் தட்டுப்பாட்டில் ஜெர்மனி எஃகிலேயே தோட்டா உறைகளைக் குளிர்ந்த நிலையில் அழுத்தி உருவாக்க முடிந்ததற்குப் பின்னால் இது இருந்தது. போருக்குப் பின் அதே நுட்பம் போல்ட்டுக்கும் கார் பாகங்களுக்கும் வந்து சேர்ந்தது.

எஞ்சினுக்குள் நடப்பது கொஞ்சம் வேறு. அங்கே மாங்கனீஸ் பாஸ்பேட். படிகம் தடிமன், தொட்டியின் சூடு 90 டிகிரி செல்சியஸுக்கு மேல். எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் புதுப் பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். புதுவண்டியில் ரன்னிங்-இன் முடியும்வரை மெதுவாக ஓட்டச் சொல்வது அந்த மேடுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் தேய்ந்து படிய வேண்டும் என்பதற்காக. பாஸ்பேட் அந்த நாட்களில் தன்னைத் தேயக் கொடுக்கும். ஆயுள் முழுக்க அது இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே கிடையாது.

காஸ்லெட் காலத்து இரண்டு மணி நேரம் இன்று நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது. நைட்ரேட், நைட்ரைட் போன்ற முடுக்கிகள் செய்த வேலை அது. ஆனால் காஸ்லெட் காலத்தில் யாரும் பெரிதாக எண்ணாத கணக்கு ஒன்று இப்போது முன்னால் நிற்கிறது: கசடு. ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் இரும்புப் பாஸ்பேட் சேறாகப் படிகிறது. கழுவிய நீரில் துத்தநாகமும் பாஸ்பேட்டும் போகின்றன. கார் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் போடும் பாஸ்பேட்டின் இடத்தைப் பல ஆலைகளில் சிர்கோனியப் படலம் பிடித்துவிட்டது. குளிர்ந்த நிலையில் எஃகை உருவாக்கும் வேலையிலும் பாஸ்பேட், சோப்பு இரண்டுக்கும் பதிலாக ஒரே முக்கில் முடியும் நீர்வழிப் பூச்சுகள் வந்திருக்கின்றன. எஃகை மிகவும் உருமாற்றும் கடினமான வேலைகளில் மட்டும் பழைய கூட்டணியை இன்னும் அசைக்க முடியவில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. பாஸ்பேட் போட்டுச் செய்த உயர்பலப் போல்ட்டை அப்படியே உலையில் வைத்தால் பாஸ்பரஸ் எஃகுக்குள் புகுந்து மேற்பரப்பை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். அதனால் 12.9 தரப் போல்ட்டில் இப்படிப் பாஸ்பரஸ் செறிந்த வெள்ளை அடுக்கு இருக்கவே கூடாது என்று சர்வதேசத் தரவிதி சொல்கிறது. போட்ட பூச்சை உலைக்கு முன் கழுவி எடுப்பதற்கென்றே தனியாக ஒரு தொட்டி! இந்தத் துறையின் நல்லது கெட்டது அனைத்தையும் ஒரே இடத்தில் தொகுத்த விரிவான ஆய்வுரை ஒன்று 2005-இல் சென்னையிலிருந்து, தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் மையத்திலிருந்து வெளிவந்தது. எழுதியவர் டி. எஸ். என். சங்கர நாராயணன்.

எஞ்சின் எண்ணெயிலும் இதே வேதியியல் உண்டு. எண்ணெயில் கலக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் உரசும் இடத்தின் சூட்டில் சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலத்தை அங்கேயே உண்டாக்கும். தொட்டியில் போட்ட பூச்சு ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான். இது தேயத் தேய வளரும். ஆனால் பாஸ்பரஸ் புகையோடு போய் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கிறது என்று கார் எண்ணெயில் அதற்கு உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். 2004-இல் வந்த எஸ்எம் என்ற எண்ணெய்த் தரத்தில் இலேசான ரகங்களுக்கு 0.08 சதவீதம். தேய்மானத்துக்குப் பயந்து 0.06-க்குக் கீழேயும் போகக் கூடாது என்றார்கள்.

ஆகவே, கார் எண்ணெயில் பாஸ்பரஸைக் குறைத்திருப்பதால், பைக்குக்கு அதற்கென்று உள்ள எண்ணெயையே ஊற்றுங்கள். பழைய வண்டிக்குப் புதுக் கேம்ஷாஃப்ட் வாங்கினால், கறுத்து மங்கியிருக்கிறதே என்று எமரித் தாளால் தேய்க்க மெக்கானிக்கை விடாதீர்கள். எண்ணெய் தடவி அப்படியே மாட்டச் சொல்லுங்கள்.