வளைவைப் படியெடுக்கும் சீப்பு
மாணவர்களே, புத்தகத் தட்டுக்கான பலகை, கதவு நிலையின் நெளிவில் முட்டுகிறது. கண்மதிப்பில் வெட்டினால் பலகை வீணாகும். இதற்கென்றே சீப்பு போன்ற ஒரு கருவி உண்டு. அதன் சட்டத்தில் சம நீளமுள்ள மெல்லிய கம்பிகள் நெருக்கமாகச் செருகப்பட்டிருக்கும். நிலையின்மீது நேராக வைத்து அழுத்துங்கள். மேட்டில் பட்ட கம்பிகள் பின்னே நகரும். உராய்வு அவற்றை அங்கேயே நிறுத்திவிடும். நிலையைத் தொட்ட முனைகளையொட்டிப் பலகையில் கோடு வரையுங்கள். கம்பிகள் கிடக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கத்தை வெட்டி நீக்கினால் பலகை கச்சிதமாகப் பொருந்தும். பின்புற முனைகளைப் பார்த்தீர்களா? அங்கே நிலையின் வடிவமே புடைத்து நிற்கும்! ஆனால், கம்பியின் தடிமனைவிடச் சிறிய நெளிவுகள் இதில் பதியா. வாய் குறுகி உள்ளே அகன்ற குடைவும் அகப்படாது.

விளக்குமாற்று ஈர்க்குகளைச் சம நீளமாக நறுக்கி, இரண்டு அட்டைகளுக்கிடையே அடுக்கி, ரப்பர் வளையத்தால் கட்டி நீங்களும் ஒன்று செய்யலாம். கட்டு தளர்ந்தால் ஈர்க்குகள் நழுவும். மிக இறுகினால் நகரவே மாட்டா.