கறுப்பு மையில் டிஷியன்

1867 ஆகஸ்டில் வெனிஸின் சாந்தி ஜொவான்னி எ பாவ்லோ தேவாலயத்தில் பிடித்த தீ, டிஷியன் 1530இல் முடித்த 'மறைசாட்சி பேதுருவின் கொலை' ஓவியத்தை விழுங்கிவிட்டது. (இவர் இயேசுவின் சீடர் அல்லர், 13ஆம் நூற்றாண்டு வெரோனாத் துறவி.) கீழே விழுந்து கிடக்கும் துறவி, வாளோங்கிய கொலைகாரன், தப்பியோடும் தோழர், நெடுமரங்களுக்கு மேலே வானதூதர்கள் என்று அதை இன்றும் நாம் விவரிக்க முடிகிறதென்றால், மார்ட்டினோ ரோட்டா 16ஆம் நூற்றாண்டிலேயே செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படமும் அதற்கு ஒரு காரணம். இத்தகைய அச்சுப்படங்களை வெறும் நகல் என்று ஒதுக்குவது பழைய வழக்கம். 1768இல் தொடங்கிய லண்டன் ராயல் அகாடமி, செதுக்குநர் என்ற தகுதியில் ஒருவரை முழு உறுப்பினராக்க 1855 வரை எடுத்துக்கொண்டது. அந்த அலட்சியத்தில் நியாயமில்லை.

வேலையைப் பார்த்தாலே இது விளங்கும். எஃகு உளியின் குமிழை உள்ளங்கையில் தாங்கித் தள்ளுவார் செதுக்குநர்; கோடு வளைய வேண்டுமானால் தகட்டைத்தான் திருப்புவார். அழுத்தினால் கோடு பருக்கும், தளர்த்தினால் மெலியும். நிழலுக்குக் குறுக்குக்கோடுகள், கன்னத்துக்குப் புள்ளிகள். பள்ளங்களில் மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளோடு உருளைகளுக்கிடையே விட்டால் படம் இடவலம் மாறி விழும். முன்கூட்டியே திருப்பிச் செதுக்காவிட்டால் கொலைகாரனின் வாள் இடக்கைக்குப் போய்விடும். அங்குலத்துக்கு அங்குலம் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பவரை நகலெடுப்பவர் என்று எப்படிச் சொல்வது?

நிறம் போனபின் டிஷியனில் என்ன மிச்சம் என்று கேட்கலாம். நிறத்துக்கே பேர்போனவர்தான். ஆனால் அவரே 1565இல் கொர்னேலிஸ் கோர்ட் என்ற செதுக்குநரை அமர்த்தித் தம் படைப்புகளைச் செதுக்க வைத்தார். பிறர் திருட்டு அச்சுப் போடாதபடி 1567இல் வெனிஸ் செனட்டிடம் தனியுரிமையும் வாங்கினார். காசும் புகழும் நோக்கமாக இருந்திருக்கலாம், அதிலென்ன? கோட்டில் தம் ஓவியம் நிற்காது என்று நினைத்திருந்தால் அவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்.

செதுக்குநரை நம்ப முடியுமா என்பது கனமான ஆட்சேபம். லியொனார்டோவின் 'இறுதி இராவுணவை' 1800இல் அச்சிட்ட ரஃபாயெல்லோ மோர்கென், மிலானில் உதிர்ந்துகொண்டிருந்த சுவரைப் பார்த்துச் செதுக்கவில்லை. தியோதோரோ மத்தெய்னியின் வரைபடமே அவருக்கு ஆதாரம். அப்படியிருந்தும், 1652இல் சுவரில் வாசல் வைத்தபோது இடிபட்டுப்போன இயேசுவின் பாதங்கள் அவருடைய அச்சில் இருக்கின்றன. கற்பனையோ என்று சந்தேகிப்பவர்கள், லியொனார்டோவின் சீடர் ஜம்பியெத்ரினோ 1520 வாக்கில் தீட்டிய பிரதியைப் பார்க்கலாம். பாதங்கள் அதிலும் உண்டு.