தடம் மாறிய வெற்றி

கார்ப் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு ஃபார்முலா 1 பந்தயமே நினைவுக்கு வரும். கூரையில்லாத அந்தக் கார்களின் சக்கரங்கள் வெளியே தெரியும். டூரிங் கார்ப் பந்தயம் இதிலிருந்து வேறுபட்டது. இதில் ஓடும் கார்கள், சாலையில் நாம் காணும் கார்களைப் போன்ற தோற்றம் உடையவை. ஆனால், பந்தயத்திற்கென்றே அவற்றின் வேகமும் பாதுகாப்பும் கூட்டப்பட்டிருக்கும். இவ்வகைப் பந்தயத்திற்குப் பெயர்பெற்ற ஜெர்மனியின் டி.டி.எம். தொடரில் ஐந்து முறை வெற்றியாளர் பட்டம் வென்றவர் பெர்ன்ட் ஷ்னைடர்.

ஷ்னைடர் 1964ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். இளமையில் கோ-கார்ட் பந்தயங்களில் பங்கேற்ற அவர், 1987இல் ஜெர்மன் ஃபார்முலா 3 பட்டத்தை வென்றார். மறு ஆண்டே ஃபார்முலா 1 பந்தயத்தில் கால்பதித்தார். ஆனால், அங்கே அவருக்குச் சோதனையே காத்திருந்தது.

அக்காலத்தில் ஃபார்முலா 1 பந்தயங்களில் கலந்துகொள்ள விரும்பிய கார்கள் மிக அதிகம். ஆனால், ஒரு பந்தயத்தில் 26 கார்கள் மட்டுமே ஓட முடியும். ஆகவே, 1989இல் 13 கார்களுக்கு முன்தகுதிச் சுற்று நடத்தப்பட்டது. அவற்றுள் மிக வேகமான நான்கு கார்கள் மட்டுமே அடுத்த கட்டத்திற்குச் செல்லும். ஷ்னைடரின் சாக்ஸ்பீட் அணிக் காரால் பிற கார்களுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. அவ்வாண்டின் 16 போட்டிகளில் 14இல் அவர் முன்தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. 1990இல் ஒரு புள்ளிகூடப் பெறாமல் ஃபார்முலா 1 பந்தயத்தைவிட்டு விலகினார்.

அவர் பந்தயத்தைக் கைவிடவில்லை, களத்தைத்தான் மாற்றிக்கொண்டார். மெர்சிடிஸ் அணியில் இணைந்து டூரிங் கார் ஓட்டினார். 1995இல் முதல் முறையாக டி.டி.எம். பட்டத்தை வென்றார். செலவு பெருகியதால் 1996ஆம் ஆண்டோடு அத்தொடர் நின்றுபோனது. ஷ்னைடர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே ஜிடி கார்ப் பந்தயத் தொடரில் வெற்றியாளரானார். 2000இல் டி.டி.எம். மீண்டும் தொடங்கியபோது, பட்டம் அவரையே சேர்ந்தது. 2001, 2003 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார்.

2006ஆம் ஆண்டில் ஷ்னைடருக்கு வயது 42. ஃபார்முலா 1 பந்தயத்தில் இருமுறை உலக வெற்றியாளரான மிக்கா ஹாக்கினனும் அவ்வாண்டு டி.டி.எம். தொடரில் மெர்சிடிஸ் கார் ஓட்டினார். ஆயினும், ஆண்டு முடிவில் பட்டத்தை வென்றவர் ஷ்னைடரே!

ஷ்னைடர் 2008இல் டி.டி.எம். தொடரிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனாலும், 2013இல் நூர்பர்க்ரிங், ஸ்பா ஆகிய இடங்களில் நடந்த 24 மணி நேரப் பந்தயங்களில் சக ஓட்டுநர்களோடு சேர்ந்து வெற்றி பெற்றார். அவ்வாண்டில் அவருக்கு 49 வயது நிறைவடைந்தது.

ஃபார்முலா 1 பதிவேட்டை மட்டும் புரட்டுபவருக்கு, ஷ்னைடர் ஒரு புள்ளிகூடப் பெறாத ஓட்டுநர். டி.டி.எம். பதிவேட்டைப் புரட்டுபவருக்கோ, அவர் ஐந்து முறை பட்டம் வென்ற சாதனையாளர். இருவரும் ஒருவரே. ஒரு களத்தில் கிடைத்த தோல்வியை மட்டும் கொண்டு ஒருவரின் ஆற்றலை அளந்துவிட முடியாது.